கொல்லைக்கு வரும் கடுவன் பூனையின் கன்னத்தில் சீழ்க்கட்டி உடைந்துள்ளது: வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது?

கொல்லைக்கதவு (கும்பகோணம் அருகில்):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுக் கொல்லைக்கு மூன்று ஆண்டுகளாக ஒரு கடுவன் பூனை வந்துபோகிறது. அதை எங்கள் பூனை என்று சொல்லிக்கொள்ள முடியாது. காலையும் மாலையும் மீனும் சோறும் வைப்போம். உண்டுவிட்டு மதில்மேல் ஏறிப் போய்விடும். கையெட்டும் தூரத்தில் உட்காருமே தவிர, இதுவரை தூக்கவிட்டதில்லை.

சென்ற வாரம் ஓர் இரவு கிணற்றடிப் பக்கம் இரண்டு பூனைகள் கடுமையாகச் சண்டையிடும் ஓசை கேட்டது. மறுநாள் பார்த்தபோது அதன் உடலில் காயம் எதுவும் தெரியவில்லை. மூன்றாம் நாள் இடது கன்னம் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கியது. உணவை முகர்ந்துவிட்டு விலகிச் சென்று, நாள் முழுதும் விறகடுக்கின் பின்னால் சுருண்டு கிடந்தது. நேற்று அந்த வீக்கம் உடைந்து, பச்சையும் மஞ்சளும் கலந்த சீழ் இரத்தத்தோடு வழிந்தது. துர்நாற்றம் தாங்க முடியவில்லை. இப்போது கன்னத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய பள்ளம் இருக்கிறது, அதைச் சுற்றிய தோல் கறுத்திருக்கிறது, ஈக்கள் மொய்க்கின்றன.

மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து அப்பினால் போதும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொல்கிறார். மருந்துக்கடையில் கேட்டதற்கு, மனிதர்களுக்கான அமாக்ஸிசிலின் மாத்திரை ஒரு பட்டையும், காய்ச்சலுக்குப் பாரசிட்டமாலும் கொடுத்து, கால் மாத்திரை கொடுங்கள் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பாததால் இரண்டையும் இன்னும் கொடுக்கவில்லை. எங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில் பெரும்பாலும் மாடும் ஆடும்தான் வருகின்றன. பூனையைக் கொண்டுபோனால் பார்ப்பார்களா என்ற தயக்கமும் இருக்கிறது. பிடிக்கவே முடியாத பூனைக்கு நான் எதை முதலில் செய்ய வேண்டும்?

மாடிவீடு (திருச்சி):

முதலில் அந்தப் பாரசிட்டமாலைப் பூனைக்கு எட்டாத இடத்திலன்று, உங்கள் கைக்கே எட்டாத இடத்தில் வையுங்கள். நான் இதை நூலில் படித்துச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாடியில் வளர்ந்த பூனைக்கு உடல் சுட்டபோது, குழந்தைக்குக் கொடுக்கும் அளவுதானே என்று எண்ணி நானே அரை மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுத்தேன். மாலைக்குள் அதன் முகமும் முன்னங்கால்களும் வீங்கின, ஈறுகள் இளஞ்சிவப்பை இழந்து பழுப்பாகின, மூச்சு வாங்கியது. மருத்துவரிடம் கொண்டுபோகும்போது நேரம் கடந்துவிட்டது. பூனையின் கல்லீரலுக்கு அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் மிகக் குறைவு என்றும், இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறனை இழந்துவிடுகிறது என்றும் அவர் பிறகு விளக்கினார். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே வளர்ந்த பூனையைக் கொல்லப் போதுமானது. ஐபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிடிப்பதைப் பற்றிச் சொல்கிறேன். துரத்திப் பிடிக்க முயன்றால் அது இரண்டு நாள் தலைகாட்டாது. புண்ணோடு அந்த இரண்டு நாளை இழப்பது பெரிய இழப்பு. வெளியே வழக்கமாக வைக்கும் உணவை நிறுத்திவிட்டு, மணம் வீசும் மத்தி மீனை வேகவைத்து முள் நீக்கி, குளியலறையின் உள்மூலையில் வையுங்கள். பூனை உள்ளே நுழைந்ததும் கயிறு கட்டி வைத்த கதவை வெளியிலிருந்து இழுத்து மூடலாம். குளியலறை தோதுப்படாவிட்டால், உண்ணும் நேரத்தில் கோழி கவிழ்க்கும் பஞ்சாரத்தை மேலே கவிழ்த்து, அடியில் ஒரு பலகையைச் செருகி, அப்படியே கட்டி எடுத்துச் செல்லலாம். நான் மூன்று தெருப் பூனைகளைப் பஞ்சாரத்தில்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருக்கிறேன். ஆட்டோக்காரர் மட்டும் ஒவ்வொரு முறையும் சேவலா என்று கேட்பார்.

பழைய திண்ணை (மன்னார்குடி):

மருந்துக்கடை மாத்திரை கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் மஞ்சளை ஏன் இப்படி ஐயத்தோடு பார்க்க வேண்டும் என்பது விளங்கவில்லை. எங்கள் வீட்டில் மாட்டுக்குக் குளம்பில் புண் வந்தாலும், எனக்கு அரிவாள் பட்டாலும் மஞ்சளும் வேப்பெண்ணெயும்தான் வைத்தோம். புண் காய்ந்து பொருக்குத் தட்டி ஆறியது. புழு வைத்துவிட்டால் கற்பூரத்தைப் பொடித்து எண்ணெயில் கலந்து ஊற்றுவோம். புழு தானாக வெளியே வந்துவிழும். பூனையும் ஓர் உயிர்தானே. பிடித்து, அடைத்து, ஊருக்கு ஊர் தூக்கிச் சென்று அதை அச்சுறுத்துவதைவிட, இருக்கும் இடத்தில் இதைச் செய்வது நல்லது என்று கருதுகிறேன்.

ஓய்வுபெற்ற கால்நடை உதவி மருத்துவர்:

பூனையை நேரில் காணாமல் மருந்தின் அளவைச் சொல்வது முறையன்று. ஆகவே, அதன் உடலுக்குள் என்ன நடந்திருக்கிறது என்பதையும், அதிலிருந்து எவை கூடும், எவை கூடா என்பதையும் மட்டும் சொல்கிறேன்.

பூனையின் கோரைப்பல் ஊசியைப் போன்றது. அது சதைக்குள் ஆழமாக இறங்கும். ஆனால் தோலில் விடும் துளை கடுகளவே இருக்கும். மயிருக்குள் மறைந்த அந்தத் துளை ஒரு நாளைக்குள் மூடிக்கொள்வதால்தான் மறுநாள் உங்களுக்குக் காயமே தெரியவில்லை. பூனையின் வாயில் இயல்பாகவே வாழும் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகளைப் பல் உள்ளே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. மேலே கதவு சாத்தப்பட்ட பிறகு அவை உள்ளே பெருகி, இரண்டு முதல் ஐந்து நாள்களில் சீழ் கோத்துக் கட்டியாகிறது. எதிர்த்து நின்று சண்டையிடும் பூனைக்குக் கன்னத்திலும் முன்னங்காலிலும், புறமுதுகிட்டு ஓடும் பூனைக்கு வாலின் அடியிலும் இது வருவதைக் காணலாம். உங்கள் கடுவன் ஓடவில்லை என்று தெரிகிறது.

கட்டி உடைந்தது ஒரு வகையில் நல்லதே, ஏனெனில் அடைபட்டிருந்த சீழுக்கு வழி கிடைத்துவிட்டது. இனி நாம் செய்ய வேண்டிய முதன்மையான வேலை அந்த வழி அடைபடாமல் பார்த்துக்கொள்வதுதான். இத்தகைய புண் அடியிலிருந்து மேல்நோக்கி ஆற வேண்டும். மேல்தோல் முந்திக்கொண்டு மூடினால், உள்ளே மிஞ்சிய சீழ் மறுபடியும் கோத்துக்கொண்டு புரையோடும். திண்ணைக்கார ஐயாவுக்கு என் மறுமொழியும் இதுதான். மஞ்சளின் குணத்தை நான் மறுக்கவில்லை. அரிவாள் வெட்டு திறந்த, ஆழமற்ற காயம். பூனைக் கடியோ குறுகிய வாயும் அகன்ற அடியும் உடைய குடம் போன்றது. அந்த வாயில் மஞ்சளையும் எண்ணெயையும் குழைத்து அப்பினால், ஈரத்தை உறிஞ்சிக் கெட்டியாகி அடைப்பானாகவே அது மாறும். மேலும், மாட்டைப் போலன்றிப் பூனை தன் உடலில் பட்ட எதையும் நக்கித் துடைக்கும். கன்னத்தை நாவால் எட்ட முடியாது என்று எண்ண வேண்டாம். முன்னங்காலால் முகத்தைத் துடைத்து, அந்தக் காலை நக்கும். எனவே கற்பூரம், டர்பன்டைன், நாப்தலீன் உருண்டை, ஃபினாயில், தண்ணீரில் கலந்தால் பால்போல வெளுக்கும் கிருமிநாசினி ஆகிய எதுவும் பூனைக்கு ஆகாது. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு.

மருத்துவரிடம் செல்லும்வரை வீட்டில் செய்யக்கூடியவை உண்டு. கொதித்து ஆறிய அரை லிட்டர் நீரில் தலை தட்டிய ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக உப்பைக் கரைத்தால், உடலின் உப்புத்தன்மையை ஒட்டிய நீர் கிடைக்கும். மருந்துக்கடையில் விற்கும் சலைன் பாட்டில் இன்னும் நல்லது. ஊசியை நீக்கிய 10 அல்லது 20 மில்லி சிரிஞ்சினால் அதைப் பள்ளத்தின் விளிம்பிலிருந்து மெல்லப் பீச்சி, வெளிவரும் நீர் தெளியும்வரை கழுவலாம். போவிடோன் அயோடின் சேர்ப்பதாயின், பால் கலக்காத வெளிர் தேநீரின் நிறம் வரும் அளவுக்கு நீர்க்கச் செய்த பிறகே சேர்க்க வேண்டும். கண்ணுக்கு அருகில் என்பதால் மிகுந்த கவனம் தேவை. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்துச் சுத்தமாகிறது என்று பலர் மகிழ்கிறார்கள். அது ஆறத் தொடங்கிய சதையையும் சேர்த்தே அரிக்கிறது. பிதுக்கக் கூடாது. பிதுக்கினால் சீழ் வெளியே வருவதைப் போலவே பக்கத்துச் சதைக்குள்ளும் பரவும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பத்து நிமிடம், நாளொன்றுக்கு மூன்று முறை ஒத்தடம் கொடுத்தால் பொருக்கு இளகிச் சீழ் வடியும். இவையெல்லாம் பூனை இடங்கொடுத்தால் மட்டுமே. கையுறையின்றி முயல வேண்டாம்.

அமாக்ஸிசிலினைப் பற்றி. கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த அமாக்ஸிசிலினைப் பூனைக் கடிக்கு நாங்களும் தருவதுண்டு. ஆனால் பூனைக்கென்று வரும் மாத்திரை 62.5 மில்லிகிராம், மனிதருக்கான பெரிய மாத்திரை 625. சரியாகப் பத்து மடங்கு. அதைச் சமையலறைக் கத்தியால் பத்தாக நறுக்க எவராலும் இயலாது. தவிரவும், பிடிபடாத பூனைக்கு மாத்திரையை மீனில் மறைத்து வைத்தால், அது மீனைத் தின்று மாத்திரையை மட்டும் தரையில் துப்பிவிட்டுப் போகும். இரண்டு வேளை உள்ளே போய் மூன்று வேளை தவறினால் கிருமி பழகிக்கொள்ளும். ஒரே ஊசியில் ஏறத்தாழ இரண்டு வாரம் நிற்கும் செஃபோவெசின் போன்ற மருந்து கிடைக்குமானால் இத்தகைய பூனைக்கு அதுவே வசதி என்று மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம்.

கால்நடை மருந்தகத்தில் பூனையைப் பார்க்கமாட்டார்கள் என்ற தயக்கம் வேண்டாம். பார்ப்பது எங்கள் கடமை. மயக்க மருந்து கொடுத்து உள்ளே ஆய்ந்து கழுவும் வசதி சிறிய மருந்தகத்தில் இல்லாமல் போகலாம். அப்போது உங்கள் மாவட்டத்திலேயே ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பதை நினைவில் கொள்ளுங்கள். இரண்டு நாளாக உண்ணாத பூனையைக் காத்திருக்க வைக்கக் கூடாது. பட்டினி நீண்டால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு தேங்கி, அது தனியொரு நோயாகிவிடும். ஈ மொய்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் ஊர் வெயிலில் ஈ இட்ட முட்டை ஒரு நாளைக்குள் புழுவாகும் என்பதால், நாளைக்கு என்று ஒத்திப்போட வேண்டாம்.

பழைய திண்ணை (மன்னார்குடி):

குடத்து வாய் என்ற விளக்கம் எனக்குப் புரிந்தது. கற்பூரத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்து யாரும் பூனைக்குச் செய்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொல்லைக்கதவு (கும்பகோணம் அருகில்):

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை மத்தி மீன் வேலை செய்தது. பூனை குளியலறைக்குள் வந்ததும் கதவை இழுத்துவிட்டோம். இன்று காலை தடித்த துண்டைப் போர்த்தி, பழைய பிரம்புக் கூடையில் இட்டு மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் இரண்டு கன்றுகளும் ஒரு வெள்ளாடும் இருந்தன. மருத்துவர் முகம் சுளிக்காமல் பார்த்தார். எடை 3.8 கிலோ, காய்ச்சல் 104 டிகிரி, பூனைக்கு 102.5 வரை இயல்பு என்றார். மயக்க ஊசி போட்டு மயிரை மழித்தபோதுதான், தாடைக்கு அடியில் இரண்டாவதாக ஒரு துளை இருப்பதும், இரண்டு துளைகளும் உள்ளே ஒன்றோடொன்று சேர்ந்திருப்பதும் தெரிந்தன. வாயைத் திறந்து பற்களையும் பார்த்தார். கடைவாய்ப்பல் வேரில் சீழ் கோத்தாலும் கன்னம் இப்படித்தான் வீங்குமாம். பற்களில் கோளாறு இல்லை. கறுத்த தோலை வெட்டி நீக்கி, ஒரு பாட்டில் சலைன் முழுவதையும் விட்டுக் கழுவினார். தையல் போடவில்லை. பள்ளம் முன்னைவிடப் பெரிதாகத் தெரிவதால் என் மனைவி கலங்கிப்போயிருக்கிறார், இது சரியா?

இன்னொன்றையும் கேட்க வேண்டும். கூடைக்குள் இடும்போது அது என் மணிக்கட்டில் கீறிவிட்டது. நீளமில்லை, சிறிது இரத்தம் கசிந்து நின்றுவிட்டது. வீட்டில் மஞ்சள் வைத்துக்கொண்டேன். அது போதும்தானே?

செவிலியர் (நாகப்பட்டினம்):

போதாது. உங்கள் மற்ற கேள்விக்கு மருத்துவர் ஐயா மறுமொழி தருவார். இதற்கு நான் தருகிறேன். தடுப்பூசி போட்டதா என்று தெரியாத, வெளியில் திரியும், வேறொரு விலங்கிடம் அண்மையில் கடிபட்ட பூனை உங்களைக் கீறி இரத்தம் வந்திருக்கிறது. வெறிநோய் நாயிடமிருந்து மட்டும் வருவதன்று, பூனையிடமிருந்தும் வரும். இதைப் படித்தவுடன் மஞ்சளைக் கழுவி, குழாய் நீரோட்டத்தில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நீங்கள் எண்ணுவதைவிட நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பிறகு இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ சென்று, இரத்தம் வந்த கீறல் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும் வகையில் அது சேர்கிறது. தோலுக்குள் போடும் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் போடப்படும். அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. டெட்டனஸ் ஊசியைப் பற்றியும் அங்கேயே கேளுங்கள். பூனை நலமாகத்தானே இருக்கிறது, பத்து நாள் பார்ப்போம் என்று ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். ஊசியைத் தொடங்கிவிட்டுப் பத்து நாள் பூனையைக் கவனிப்பதே முறை. அது அடைபட்டிருப்பது இதற்கும் வசதியாயிற்று. மணிக்கட்டு சிவந்து வீங்கினாலோ, வலி ஒரு நாளைக்குள் கூடினாலோ அதையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பூனைக் கிருமி மனிதக் கையிலும் விரைவாகச் சீழ் பிடிக்க வைக்கும்.

ஓய்வுபெற்ற கால்நடை உதவி மருத்துவர்:

செவிலியர் அம்மா சொன்னதை அப்படியே செய்யுங்கள். பூனைக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்களா என்பதை மறுமுறை செல்லும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளம் பெரிதாவது பற்றிக் கலங்க வேண்டாம். கட்டியின் மேலிருந்த தோல் இரத்த ஓட்டமின்றி முன்னரே இறந்துவிட்டது. அது நீங்கிய பிறகே உண்மையான அளவு கண்ணுக்குத் தெரிகிறது. சீழ் உள்ள புண்ணைத் தைத்து மூடினால் கிருமியை உள்ளே வைத்துப் பூட்டியதாகும் என்பதால்தான் உங்கள் மருத்துவர் தைக்கவில்லை. நான்கைந்து நாளில் அடியில் மாதுளை முத்துகளைப் போலச் சிவந்த, ஈரமான சதை வளரத் தொடங்கும். அதன் பிறகு விளிம்புகள் நாளுக்கு நாள் சுருங்கி வருவதைக் காண்பீர்கள். அதற்கு மாறாக, சாம்பல் நிறப் படிவும் நாற்றமும் நீடித்தாலோ, ஒரு வாரம் ஆகியும் மாற்றம் இல்லாவிட்டாலோ திரும்பக் கொண்டுபோக வேண்டும். உள்ளே உடைந்த பல் துண்டோ நகமோ தங்கியிருக்கலாம், பூஞ்சையாக இருக்கலாம், கடியால் பரவி எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் பூனைகளுக்கேயான தீநுண்மியும் காரணமாகலாம். அந்தத் தீநுண்மி மனிதருக்குத் தொற்றாது. அதற்கான இரத்தச் சோதனையைக் கடிபட்டு இரண்டு மாதம் கழித்துச் செய்தால்தான் முடிவை நம்பலாம்.

கழுத்தில் கூம்புப் பட்டை போட்டிருந்தால், அதோடு வெளியே விட்டுவிடாதீர்கள். பக்கவாட்டில் பார்வை மறைந்த பூனையால் நாயிடமிருந்து தப்பவும் முடியாது, மதிலில் தாவவும் முடியாது.

கொல்லைக்கதவு (கும்பகோணம் அருகில்):

ஒன்பதாம் நாள் நிலவரம். எனக்கு மூன்று ஊசிகள் முடிந்தன. கை நலமாக இருக்கிறது. பூனைக்குக் காய்ச்சல் இல்லை. மாதுளை முத்து என்று ஐயா எழுதியதைப் போலவே ஐந்தாம் நாள் சதை சிவந்து வந்தது; பள்ளம் இப்போது புளியங்கொட்டை அளவுக்குச் சுருங்கிவிட்டது. முதல் மூன்று நாள் நானும் மனைவியும் துண்டில் சுற்றிப் பிடித்துக் கழுவினோம். நான்காம் நாளிலிருந்து, மீன் தட்டில் முகம் புதைத்திருக்கும்போதே சிரிஞ்சைக் கொண்டுபோனால் பொறுத்துக்கொள்கிறது. இரவு முழுதும் குளியலறைக்குள்ளிருந்து கத்துவதால் தெருவே எங்களை விசாரிக்கிறது. எப்போது வெளியே விடலாம்? விட்டால் அந்த மற்றக் கடுவனோடு மறுபடியும் சண்டைக்குப் போகாதா?

ஓய்வுபெற்ற கால்நடை உதவி மருத்துவர்:

போகும். கடுவன் எல்லைக்காகவும் பெட்டைக்காகவும் சண்டையிடுகிறது. கருத்தடை செய்தால் ஊர் சுற்றுவதும் சண்டையும் பெரும்பாலான பூனைகளில் வெகுவாகக் குறையும், ஆனால் உடலில் ஊறிய சுரப்பு அடங்குவதற்குச் சில வாரங்கள் ஆகும். கையில் அகப்பட்டிருக்கும் இந்தப் பூனையை மறுபடி பிடிப்பது எளிதன்று. மீனுக்கும் குளியலறைக்கும் உள்ள தொடர்பை அது இதற்குள் கணக்கிட்டு வைத்திருக்கும். எனவே புண் முழுதாக மூடிப் புதுத்தோல் படர்ந்து, கீழே அழுத்தினால் கட்டி தட்டுப்படாத நிலை வரும்வரை, அதாவது இன்னும் பத்து நாளளவு, உள்ளேயே வைத்திருங்கள். அந்த நாள்களுக்குள் கருத்தடைக்கும் உங்கள் மருத்துவரிடம் நாள் கேட்டுவிடுங்கள். இரவில் கத்துவதற்குக் குளியலறை விளக்கை அணைத்துவிட்டு, அது படுத்திருந்த விறகடுக்கின் சாக்கை உள்ளே போட்டுப் பாருங்கள்.